திரும்பு, திருப்பு

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகள் அசையா. களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சிச் சுவர் பிடித்ததும் மிச்சத்தைக் கவிழ்த்து, உலர்த்திச் சூளையில் அடுக்கிவிட்டால், அப்புறம் அந்தப் பொம்மைக்கு ஆயுள் முழுவதும் ஒரே நிலைதான். சேத்தியாத்தோப்பில் நாங்கள் ஞாயிறு மாலைகளில் கூடிப் பேசும் வீட்டின் அலமாரியில் அப்படி ஒரு செட்டியார் இருக்கிறார். கொலுவுக்கென்று வாங்கப்பட்டவர், கொலு முடிந்தும் பரணுக்குப் போகாமல் தங்கிவிட்டார். சென்ற கோடை விடுமுறையில் அந்த வீட்டுப் பெண், ஏழாம் வகுப்பு முடித்தவள், அவரைக் கணினித் திரையில் லெகோக் கட்டைகளைக் கொண்டு மறுபடி கட்டினாள். வளைவே இல்லாத கட்டைகளால் கட்டியதில் செட்டியாரின் தொந்தி கோயில் விமானம் போல அடுக்கடுக்காக வந்து சேர்ந்தது. அதில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. தலை ஆட வேண்டும் என்பதுதான் அவளுடைய கோரிக்கை.

அவளுடைய தந்தை எங்களில் ஒருவர். மகளுக்காக ஒரு சிறு நிரல் எழுதினார், முந்நூறு வரிகூட இராது. எந்தத் துண்டு, எந்தப் பக்கம், எத்தனை பாகை, எத்தனை படங்களுக்குள் என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், அந்த அசைவைப் படம் படமாகப் பிரித்துத் தரும் நிரல். கட்டளைச் சொற்களைத் தமிழிலேயே வைத்திருந்தார். மகள் கோப்பைத் திறந்து, சற்று யோசித்து, கேட்டாள்: "அப்பா, இதுல 'திரும்பு'ன்னு எழுதணுமா, 'திருப்பு'ன்னு எழுதணுமா?"

அன்றைக்குச் சிற்றிதழ்ப் பேச்சு அத்தோடு நின்றுபோனது. கணினி விவகாரத்துக்கு இலக்கிய வாசகர் கூட்டத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அந்தக் கேள்வியைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். இது மொழி விவகாரம். பொம்மைக்கு ஆணையிடும் மொழியைத் தமிழில் செய்வதானால் அகராதியைத் திறந்து சொல்லுக்குச் சொல் வைத்தால் போதாது, இலக்கணத்தைத் திறக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

முதலில் அந்தக் கட்டைகளைப் பற்றி. லெகோ டென்மார்க் நாட்டுச் சரக்கு. இன்று நாம் காணும் கட்டையின் வடிவம் 1958இல் காப்புரிமை பெற்றது. சுமாரான ஒரு பெட்டி வாங்கப் போனாலே ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் அதைத் தேடி அலைவது வீண். ஆனால் திரைக்குள் அந்தக் கட்டைகள் இலவசம். அதற்குக் காரணம் ஒரு தனி மனிதர்.

ஜேம்ஸ் ஜெசிமன் என்ற ஆஸ்திரேலியர் 1995இல் டாஸ் கணினிகளுக்கென்று எல்-டிரா என்றொரு மென்பொருளைத் தம் ஆர்வத்தினால் எழுதினார். எந்த நிறுவனமும் அவரைக் கேட்கவில்லை. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கோப்பு. கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய உருவத்துக்கும் ஒரு கோப்பு. எல்லாமே யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்புகள். அதில் ஒரு வரியைப் பாருங்கள்:

1 4 0 0 0 1 0 0 0 1 0 0 0 1 3001.டாட்

முதல் எண் 1 என்றால் 'இங்கே ஒரு துண்டை வை' என்று பொருள். அடுத்த 4 சிவப்பு நிறம். அதற்கடுத்த மூன்றும் இடம். பிறகு வரும் ஒன்பது எண்களும் அந்தத் துண்டு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைச் சொல்பவை. கடைசியில் துண்டின் பெயர்: 3001 என்பது இரண்டுக்கு நான்கு குமிழ் கொண்ட, எல்லாருக்கும் தெரிந்த அந்தக் கட்டை. அளவுக்கும் தனி அலகு உண்டு. ஓர் அலகு 0.4 மில்லிமீட்டர். ஒரு குமிழுக்குரிய அகலம் 20 அலகு, கட்டையின் உயரம் 24 அலகு, தட்டையான துண்டின் உயரம் 8 அலகு. இந்த உலகில் மேலே போகப் போக எண் குறையும், அதாவது உயரம் என்பது கழித்தல் குறியோடு வரும். செட்டியாரின் தலைப்பாகை முதலில் காலடிக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டது அதனால்தான்.

அசைவு என்பது இந்த எண்களை மாற்றுவதுதான். தலை 30 பாகை திரும்ப வேண்டுமானால் அந்த ஒன்பது எண்களில் நான்கு மாறும். 1, 0, 0, 1 என்றிருந்தவை 0.866, 0.5, −0.5, 0.866 என்றாகும். ஒரே தாவலில் மாற்றினால் பொம்மை வெட்டி இழுப்பதுபோல் இருக்கும். ஆகவே 1 பாகை, 2 பாகை என்று சிறுகச் சிறுக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கோப்பு எழுத வேண்டும். வினாடிக்கு 24 படம் என்று வைத்துக்கொண்டால் பத்து வினாடிக் காட்சிக்கு 240 கோப்புகள். அவற்றைப் போவ்-ரே போன்ற இலவச மென்பொருளிடம் கொடுத்தால் ஒளியும் நிழலும் சேர்த்து 240 படங்களாகத் தீட்டித் தரும். பழைய மடிக்கணினியானால் இரவு முழுக்க ஓடும். 240 கோப்புகளைக் கையால் எழுத யாராலும் ஆகாது. அதைச் செய்வதற்குத்தான் வீட்டு நிரல்.

இங்கே ஜெசிமனின் கைநேர்த்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. அவருடைய மொழியில் 0 என்று தொடங்கும் வரி ஒரு குறிப்பு, அல்லது ஒரு தனிக் கட்டளை. 'இந்தப் படி முடிந்தது', 'சற்று நில்', 'திரையைத் துடை', 'படமாகச் சேமி' என்று சில கட்டளைகளை அவரே அந்த வரியில் வைத்தார். மற்றதை வருபவர்களுக்கு விட்டுவிட்டார். ஒரு மென்பொருள் தனக்குப் புரியாத 0 வரியைக் கண்டால் சினம் கொள்ளாமல் தாண்டிப் போய்விடும். ஆகவே யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் தம் சொந்தக் கட்டளையை எழுதலாம், அதனால் பொம்மையின் கட்டுமானத்துக்கு ஊறு வராது. நமக்கு இது புதிதா என்ன? மூலத்தின் கீழே உரை எழுதியவர்கள் நாம். உரை வேண்டாதவன் மூலத்தை மட்டும் படித்துக்கொண்டு போகலாம், உரைக்கு உரை எழுதுபவனும் உண்டு. எங்கள் நண்பரின் தமிழ்க் கட்டளைகள் எல்லாம் இந்த 0 வரிகளில்தான் குடியிருக்கின்றன. அந்தக் கோப்புகளுக்கான இன்றைய விதிகள் ஒருங்குறியை ஏற்கின்றன. தமிழ் எழுத்து அங்கே விருந்தாளி அல்ல.

ஜெசிமன் 1997 ஜூலையில் இளம் வயதிலேயே இறந்துபோனார். மென்பொருள் எழுதி இரண்டே ஆண்டு. வீட்டில் செய்த மென்பொருள் அத்துடன் முடிந்திருக்க வேண்டும், டாஸும் வழக்கொழிந்தது. முடியவில்லை. கோப்பு வடிவம் எல்லாருக்கும் படிக்கக்கூடியதாக இருந்ததால் முகம் தெரியாத அன்பர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். புதிய துண்டுகளை அளந்து அளந்து எழுதினார்கள். எம்எல்கேட், எல்3பி, லியோகேட் என்று ஆளுக்கொரு கருவி செய்தார்கள். இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். லெகோ நிறுவனம் தானே ஒரு வடிவமைப்பு மென்பொருளை 2004இல் வெளியிட்டது. பளபளப்பானது, இலவசமும்கூட. 2022இல் அதைப் பதிவிறக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டது. அதற்கு முன்பே 2019இல் அந்நிறுவனம் பிரிக்லிங்க் என்ற தளத்தை வாங்கியிருந்தது. அத்தளத்தின் ஸ்டுடியோ மென்பொருள் எல்-டிரா கோப்புகளைப் படிக்கும், எழுதும். அதன் துண்டு நூலகத்தின் அடித்தளமும் எல்-டிராவே. நிறுவனத்தின் மென்பொருள் போய்விட்டது, செத்துப்போன ஒரு மனிதரின் எழுத்து முறை நிறுவனத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

இதைப் படிக்கும்போது எங்களுக்கு வயிறு எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். எங்களிடம் குறுந்தகடுகளில் பழைய இதழ்கள் சில உண்டு. டாம், டாப், திஸ்கி என்று ஆளுக்கொரு குறியேற்றம். இவை போதாதென்று தனித்தனி எழுத்துருக் கடைகள் வேறு. இன்று திறந்தால் கம்பிக்கோடும் கேள்விக்குறியுமாக நிற்கின்றன. ஒரு நல்ல சிறுகதையை மாற்றிகளின் வழியே எழுத்தெழுத்தாக மீட்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதே ஆண்டுகளில் ஒருவர் எழுதிவைத்த பிளாஸ்டிக் கட்டைப் பட்டியல் இன்றைக்கும் அப்பழுக்கில்லாமல் திறக்கிறது. கதை கெட்டது, கட்டை கெடவில்லை. வீட்டில் நிரல் எழுதுபவர்களிடம் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது இதுதான்: நிரல் எப்படியும் மூப்படைந்து சாகும், அது எழுதும் கோப்பை மனிதர் படிக்கும்படி விட்டுப்போங்கள். பீங்கான் பட்டறையிலும் இதே கணக்குத்தான். வார்க்க வார்க்க பிளாஸ்டர் அச்சு தேய்ந்து முகம் மழுங்கும். ஆனால் மூல அச்சு ஒன்று பத்திரமாக இருந்தால் புதிய அச்சு எடுத்துக்கொள்ளலாம்.

சரி, கேள்விக்கு வருவோம். திரும்பா, திருப்பா?

ஆங்கிலத்தில் இந்தக் கேள்வி எழாது. அங்கே தானே திரும்புவதற்கும் ஒன்றைத் திருப்புவதற்கும் ஒரே சொல்தான். சொற்களின் வரிசையைப் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். தமிழில் அப்படியில்லை. திரும்பு, திருப்பு, சுழல், சுழற்று, உருள், உருட்டு, ஆடு, ஆட்டு, நட, நடத்து, ஏறு, ஏற்று, இறங்கு, இறக்கு, எழு, எழுப்பு, நில், நிறுத்து. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று உருப்போட்டுவிட்டு நாம் மறந்துபோன பட்டியல். பொம்மை அசைவுக்கு வேண்டிய அத்தனை வினைகளும் இதில் ஏற்கெனவே இரட்டை இரட்டையாக இருக்கின்றன. பொம்மைக்கு ஆணையிடும் மொழிகளை எடுத்துப் பார்த்தால் அவையும் இரண்டு குலமாகத்தான் பிரிகின்றன என்பதுதான் வியப்பு.

முதல் குலத்துக்கு மூத்தது லோகோ. 1967இல் சீமோர் பேப்பர்ட்டும் நண்பர்களும் குழந்தைகளுக்காகச் செய்த மொழி. (லெகோவும் லோகோவும் வேறு வேறு. ஆனால் பேப்பர்ட் 1980இல் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் பெயரைத்தான் லெகோ நிறுவனம் 1998இல் தன் இயந்திரப் பொம்மைப் பெட்டிக்கு வைத்தது.) அதில் ஓர் ஆமை உண்டு. நூறு அடி முன்னே செல், வலப்பக்கம் திரும்பு என்று அந்த ஆமையைப் பார்த்துச் சொல்வீர்கள். குழந்தை தன்னையே ஆமையாக நினைத்து எழுந்து நடந்து பார்த்து, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கண்டுகொள்ளும். முழுக்க முழுக்கத் தன்வினை. எல்-டிராவின் எண்வரிகளோ மறுகுலம். அங்கே பொம்மைக்கு முன், பின், வலம், இடம் எதுவும் தெரியாது. வெளியிலிருந்து ஒரு கை அதை எடுத்துத் திருப்பி வைக்கிறது. பிறவினை. ஒன்றில் நீங்கள் நடிகனுக்குச் சொல்லும் இயக்குநர். மற்றதில் நூலைப் பிடித்த பாவைக்காரர்.

பாவைக்காரர் என்றதும் கும்பகோணம் பக்கத்து மரப்பாவைக் கூத்து நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊரிலிருந்து தெற்கே போகும் அதே சாலையில் இருக்கும் கும்பகோணம்தான். அந்தக் கூத்தில் பாவையின் நூல்கள் ஓர் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டு, அந்த வளையத்தை ஆட்டுபவர் தலையில் மகுடம் போல் சூடியிருப்பார். கைகளுக்குக் கம்பி தனி. அவர் தலையை அசைத்தால் பாவை அசையும். அவர் ஆடினால்தான் அது ஆடும். தன்வினை ஒன்று பிறவினையாக மாறும் இடம் அந்த இரும்பு வளையம். வள்ளுவரும் 1020ஆம் குறளில் மரப்பாவை நூலால் உயிருள்ளதுபோல் மயக்குவதை உவமையாக்கியவர்தான். 'இயக்கம்' என்ற சொல்லை அங்கேயே வைத்திருக்கிறார், நாம் அதைக் கணினிக்கும் திரைப்படத்துக்கும் எடுத்துக்கொண்டோம்.

ஆகவே எங்கள் முடிவு: இரண்டும் வேண்டும். பொம்மையின் பெயரைச் சொல்லி அழைத்து 'திரும்பு' என்றால் அது தன் முகம் பார்க்கும் பக்கத்தை வைத்துத் தானே திரும்ப வேண்டும். 'திருப்பு' என்றால் அறையின் மூலையிலிருந்து அளந்து நிரல் அதைத் திருப்ப வேண்டும். மற்ற மொழிகளில் இதை விளக்க ஒரு பக்கம் கையேடு எழுதுகிறார்கள். நமக்கு ஒரு மெல்லெழுத்தும் வல்லெழுத்தும் போதும்.

தமிழில் நிரல்மொழி ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதை மதிக்கிறோம். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' பற்றி 2009இலேயே ஆய்வுரை வெளிவந்தது. 2013இல் அது திறமூலமாக்கப்பட்டது. ஆமை வரைகலையும் அதில் உண்டு. அதில் எங்களைக் கவர்ந்தது அச்சிடுவதற்குப் 'பதிப்பி' என்று வைத்ததல்ல. நிபந்தனையை முன்னால் எழுதி, 'ஆனால்' என்ற சொல்லை அதன் பின்னால் வைத்த துணிவுதான் கவர்ந்தது. ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னே வரும், தமிழில் அது பின்னே வந்து ஒட்டும். அங்கே வெறும் சொல் மாறவில்லை, வாக்கியமே தமிழாக நின்றது. அந்த வழியில் இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம் என்பதே எங்கள் வாதம்.

இன்னொரு மறுப்பும் எங்கள் கூட்டத்திலேயே எழுந்தது. 'நாளைக்குப் பிழைப்புக்கு ஆங்கில நிரல்தானே, குழந்தையை ஏன் இரண்டு முறை கற்க வைக்கிறீர்கள்?' கேட்டவர் எங்களில் மூத்தவர், ஆசிரியர். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண் செட்டியாரின் தலையை ஆட்டுவது பிழைப்புக்கு அல்ல. அந்த வயதில் அவளுக்கு நிரல் என்பது கட்டளைத் தொகுப்பு அல்ல, பேச்சு. தன் பேச்சுக்கு ஒரு பொருள் அசைந்து கொடுக்கும் முதல் அனுபவம் எந்த மொழியில் நிகழ்கிறது என்பது எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. 2011 முதல் சில ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு மடிக்கணினி கொடுத்தது. அவற்றில் எத்தனை, பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும் மட்டுமே பயன்பட்டன என்பதை இந்தச் சுற்றுவட்டாரத்தில் நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். கருவி வந்தது, அதனோடு பேச ஒரு மொழி வரவில்லை. எந்த நிறுவனமும் இதைச் செய்து தரப் போவதில்லை. இதில் லாபம் கிடையாது. ஜெசிமன் போல வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யாராவது செய்தால்தான் உண்டு.

வேலை நடக்கிறது, ஆனால் இலக்கணம் எங்களைச் சும்மா விடவில்லை. பட்டியலில் சில வினைகளுக்கு ஏவலில் இரட்டை இல்லை. அசை, சாய், வளை, மடி, விரி. தானே அசைந்தாலும் அசை. பிறிதை அசைத்தாலும் அசை. அசைந்தது, அசைத்தது என்று காலம் காட்டும்போதுதான் வேறுபாடு தலைகாட்டும். ஆசிரியர் (மறுப்புச் சொன்ன அதே ஆசிரியர்தான், இப்போது எங்களைவிடத் தீவிரமாக இறங்கிவிட்டார்) வியங்கோளைப் பயன்படுத்தலாம் என்றார்: தன்வினைக்கு 'அசைக', பிறவினைக்கு 'அசைக்க'. அழகான தீர்வு. ஆனால் பிளாஸ்டிக் கட்டையைப் பார்த்து வியங்கோளில் பேசுவது வாழ்த்துவதா சபிப்பதா என்று தெரியாமல் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

அந்தப் பெண் எங்கள் விவாதத்துக்குக் காத்திருக்கவில்லை. தன் கோப்பில் 'தலையே அசை' என்று ஓரிடத்திலும், 'தலையை அசை' என்று இன்னோர் இடத்திலும் எழுதிவைத்திருந்தாள். விளியும் இரண்டாம் வேற்றுமையும் இருக்கும்போது வினையை ஏன் கெடுக்க வேண்டும் என்பது அவள் கட்சி. ஐயுருபு இருந்தால் பிறவினை, அவ்வளவுதான். அவளுடைய தந்தை இப்போது நிரலுக்கு வேற்றுமை கற்பித்துக்கொண்டிருக்கிறார். தலை தலையை ஆகிறது, முகம் முகத்தை ஆகிறது, இவை பிடிபட்டுவிட்டன. காட்சி நேரத்தைக் குறிக்கக் காலை, மாலை என்று இரண்டு சொற்களை ஒளியமைப்புக்காக முதலிலேயே வைத்திருந்தார். சென்ற ஞாயிறு அவள் 'காலை மடி' என்று எழுதினாள். செட்டியார் காலை மடக்கவில்லை. திரையில் பொழுது விடிந்தது.